ஓடக்காரி ம் கொட்டுகிறாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஓடக்காரிக்குக் குரல் கிடைத்துவிட்டது. என் தங்கையின் குரல்.

பதினொரு பேருடைய குரல் துண்டுகள் வந்திருந்தன. நாடகத்தில் நடிப்பவர்கள், விளம்பரத்துக்குப் பேசுகிறவர்கள். யார் யாருடையது என்று சொல்லாமல் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். ஏழாவது துண்டு ஓடியபோது ஒலிக்காரர் வாயிலிருந்த புதினா மிட்டாயைச் சப்புவதை நிறுத்தினார். எங்கள் தலைவர் எதைப் பேசினாலும் 'சிம்பிள்' என்று ஆரம்பிப்பார். அதனால் அவர் எங்களுக்கு சிம்பிள் சார். "சிம்பிள். இவங்கதான்" என்றார். நானும் கை தூக்கினேன். தூக்காமல் எப்படி? அந்தக் குரலை முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும் என்பதைப் பிறகுதான் சொன்னேன்.

இப்படி ஒரு ஆள் தேடுகிறோம் என்று அவளிடம் உளறியது நான்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்புப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே மெஷின் வந்து ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாள். பாவம் என்று சொன்னேன். பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்பார்கள். பழி இன்னும் வரவில்லை, ஆளே வந்துவிட்டாள்.

மூன்று வருஷமாக நான் எழுதுவது எட்டு நிமிஷப் பேச்சு. நாங்கள் செய்யும் கணினி விளையாட்டில் ஆற்றைக் கடக்க ஓடக்காரியை விட்டால் வேறு வழி இல்லை. பொத்தான் கிடையாது. ஆடுகிறவர் மைக்கில் வாய்விட்டுப் பேச வேண்டும். அவளும் வாயால் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய துடுப்பைத் திருடி ஒளித்தவனே ஆடுகிறவன்தான். அதை அவளிடம் ஒப்புக்கொள்கிறானா, மறைக்கிறானா? அவ்வளவுதான் ஆட்டம். அவள் புருஷன் எப்படிப் போனான், எதற்குச் சிரிப்பாள், எதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், எல்லாம் எனக்குத் தெரியும். குரல் மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

சாயங்காலம் அம்மா போன். "பெரியவளே, விஷயம் தெரியுமா? உன் ஆபீஸ்ல நம்ம சின்னவளை எடுத்திருக்காங்களாம்!"

தெரியும்மா என்றேன். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பொறாமை எல்லாம் இல்லை. களைப்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் நாள் பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், ஒலிக்காரர், பூனை. பூனை எங்கள் புரோகிராமர், சின்னப் பெண், எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் செய்திருக்கும் மெஷின் என் தங்கை பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அவள் பேசாத வாக்கியங்களையும் அவள் குரலிலேயே பேசும். ஆடுகிறவர் என்ன கேட்பார் என்று யாருக்குத் தெரியும்?

நான் எழுதியிருந்தது: 'இந்த ஆற்றில் இறங்கியவர்கள் எல்லோரும் கரை ஏறியதில்லை.' எழுதிய அன்று நன்றாகத்தான் இருந்தது. தங்கை தாளைப் பார்த்தாள், தலையைச் சொறிந்தாள்: "இதுல எறங்கினவங்க எல்லாரும் ஏறினதில்லப்பா."

பூனை கைதட்டினாள். "அந்த 'ப்பா'! அக்கா, அந்த 'ப்பா'வைக் கேட்டீங்களா?"

கேட்டேன். அந்த 'ப்பா'வை நான் எழுதவில்லை.

இடைவேளையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, இவள் மைக் முன்னால் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ம். ம்ம். அட. ச்சு. மூச்சு இழுப்பு, சின்னச் சிரிப்பு. ஒலிக்காரர் பதிவை நிறுத்தவே இல்லை. பூனை என் காதில், "இந்த ம் எல்லாம் தங்கம்க்கா. மெஷின் யோசிக்க ஒன்றரை விநாடி ஆகுது. அந்த இடைவெளியை வேற எதாலயும் நிரப்ப முடியாது. சுத்தம் பண்றப்ப தனியா எடுத்து வெச்சிருங்க, பிளீஸ்."

சரி என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் பதிவைச் சுத்தம் செய்வது எழுதியவரின் வேலை. எது வரி, எது சத்தம் என்று எழுதியவருக்குத்தான் தெரியும் என்பது சிம்பிள் சாரின் கொள்கை.

பிப்ரவரி 11, புதன்

பள்ளிக்கூடத்துக் கப். அப்போது நான் எட்டாம் வகுப்பு, அவள் மூன்றாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு அவளுக்கு எழுதிக்கொடுத்தேன், நாலு பக்கம், அடித்துத் திருத்தி. போய்ப் பேசினாள், கப்போடு வந்தாள். அது இன்னும் அம்மா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. அந்த நாலு பக்கம் எங்கே? தெரியாது. ஏதாவது பொட்டலம் கட்டியிருப்பார்கள்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேனே. வெட்கமாக இல்லையா உனக்கு?

இருக்கிறது. எழுதியும் விட்டேன்.

பிப்ரவரி 14, சனி

வீட்டில் இவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "நீ எழுதற ஆளு, அவ பேசற ஆளு" என்றார். "மளிகைக்கடையும் மிட்டாய்க்கடையும் எதுக்குச் சண்டை போடணும்?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். நான் விடவில்லை, சொல்லிக்கொண்டே போனேன். அவரும் ம், ம் என்றார். சந்தேகம் வந்து, "அடுப்படி தீப்பிடிச்சிருச்சு" என்றேன்.

"ம்" என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

நான்கு நாளாகச் சுத்தம். காதில் ஹெட்போன் மாட்டினால் எட்டு மணி நேரம் அவள்தான். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறாள். கனவில்கூட ஓடக்காரி அவள் முகத்தோடு வருகிறாள். என்னிடம் துடுப்பைக் கேட்கிறாள்.

வரிகள் ஒரு பக்கம். அது தவிர, கணினியில் 'கழிவு' என்று ஒரு பெட்டி. இருமல், நாற்காலிச் சத்தம், தாள் புரட்டும் ஒலி எல்லாம் அதில் போகும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அது தானாகக் காலியாகும். இடம் மிச்சமாக வேண்டும் என்று பூனையே செய்துவைத்த ஏற்பாடு.

ம்கள் இருநூற்றுப் பதினேழு. எண்ணினேன்.

ஒவ்வொன்றும் கேட்டேன். கேட்கக் கேட்க எரிச்சல். ஒரு வார்த்தை எழுதப்படவில்லை, ஒரு அர்த்தம் இல்லை, ஆனால் கேட்டால் இவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் போல இருக்கிறது. மூன்று வருஷம் நான் பக்கம் பக்கமாக எழுதி வரவழைக்கப் பார்த்த ஓடக்காரி அந்த ஒற்றை ம்மில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது சும்மா வந்தது. தலையைச் சொறிந்துகொண்டே வந்தது.

இருநூற்றுப் பதினேழையும் கழிவில் போட்டேன்.

நாளை எடுத்து வைத்துவிடலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

மணி ஐந்தரை. இன்னும் அரை மணி இருக்கிறது. எடுக்கலாம்.

மணி ஆறு பத்து.

மார்ச் 2, திங்கள்

முதல் சோதனை. வெளியிலிருந்து ஆறு பேர்.

ஒரு பெண், தையல்காரி, ஓடக்காரியிடம் நன்றாகத்தான் ஆரம்பித்தாள்: "அம்மா, அக்கரைக்குப் போகணும்." ஒன்றரை விநாடி. மௌனம். கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் மறுபடியும், "அம்மா, அக்கரைக்கு" என்று ஆரம்பிக்க, ஓடக்காரியும் அதே நேரம் பேச ஆரம்பித்தாள். மெஷின் குறுக்கே பேச்சு வந்ததென்று வாயை மூடிக்கொண்டது. தையல்காரியும் மூடிக்கொண்டாள். மறுபடி மௌனம். மறுபடி இருவரும் ஒரே நேரத்தில். சின்னச் சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் போல.

ஒரு ஆள் யோசித்து யோசித்துப் பேசுகிறவர். "நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று நிறுத்தினார். முடித்துவிட்டார் என்று நினைத்து ஓடக்காரி பதில் சொல்லிவிட்டாள். "இவ என்ன, பேசவே விடமாட்டேங்கறா! என் வீட்டம்மாவே தேவலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

துடுப்பை எடுத்தது நான்தான் என்று ஆறு பேரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும் கட்டம் வரை யாரும் போகவே இல்லை. "சுவத்துக்கிட்ட போய் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் தையல்காரி.

பூனை என் மேசைக்கு வந்து நின்றாள். "அக்கா, அந்த ம் எல்லாம் எங்க?"

"கழிவோட போயிடுச்சு போல."

போல. என்ன அழகான சொல். குற்றத்தை நான் செய்வேன், அதைப் 'போல' தூக்கிக்கொண்டு போய்விடும்.

மார்ச் 5, வியாழன்

சிம்பிள் சார்: "சிம்பிள். குரல் ஒட்டல. எழுத்து நல்லா இருக்கு, மெஷின் நல்லா இருக்கு. அப்ப குரல்தான். வேற குரல் பார்ப்போம். இல்ல, மாசக் கடைசிச் சோதனையும் ஊத்திக்கிச்சுன்னா ஓடக்காரியை ஊமையாக்கிடுவோம். எழுத்து மட்டும் திரையில வரட்டும்."

எழுத்து நல்லா இருக்கு. இந்த அலுவலகத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு கணம், ஒரே கணம்தான், குளிர்ந்துபோனது. அதை மறைத்து எழுத இங்கே யார் இருக்கிறார்கள்? குளிர்ந்தது.

மார்ச் 6, வெள்ளி

அவள் போன். என்னைப் பேசவிடாமல் அவளே அரை மணி நேரம்.

"அக்கா, மாடி வீட்டுப் பசங்க எல்லாம் 'ஓடக்காரி ஆன்ட்டி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல பன்னெண்டு வருஷம் பேசினேன், ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்ல. எவனும் என்கிட்ட பதில் பேசினதும் இல்ல. இங்க பதில் பேசுவாங்கல்ல? நீ எழுதினதை நான் பேசி, அதுக்கு ஒருத்தர் பதில் பேசி... நினைச்சாலே ஒரு மாதிரி இருக்குக்கா. நல்லாப் போகுதுல்ல சோதனையெல்லாம்?"

"ம்" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

குரலை மாற்றும் முன் ம்களை மட்டும் மறுபடி பதிவு செய்து பார்க்கலாம் என்று நானே சொன்னேன். தைரியமா? இல்லை, குறுக்குவழி. யாருக்கும் எதுவும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிட்டால் போதும் என்ற எண்ணம்.

மார்ச் 12, வியாழன்

நாற்பது ம்கள். பட்டியல் தயாரித்தது நான்: சந்தோஷ ம், சந்தேக ம், இரக்க ம், 'மேலே சொல்' ம். இவள் பட்டியலைப் பார்த்து வரிசையாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தேறவில்லை. இரக்க ம் என்பது பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் வலிக்குதான்னு கேட்டால் சொல்கிற பதிலைப் போல இருந்தது. ஒலிக்காரர் மூன்றாவது மிட்டாயைப் பிரித்தார்.

"எனக்கே கேக்க சகிக்கல" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "அன்னிக்கு நல்லா வந்ததேக்கா. அதெல்லாம் என்ன ஆச்சு?"

பூனை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். தெரியும் அவளுக்கு. கழிவுப் பெட்டியில் எது எப்போது யாரால் போடப்பட்டது என்று அவளுடைய மெஷின் குறித்துவைத்திருக்குமே. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பத்து நாளாகத் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

போகும்போது மட்டும் சொன்னாள்: "பட்டியல் போட்டா வராதுக்கா. அன்னிக்கு யாரோ நிஜமாப் பேசிட்டிருந்தாங்க, அவங்க நிஜமாக் கேட்டுட்டிருந்தாங்க. யாராவது நிஜமா ஒண்ணு சொன்னாத்தான் நிஜ ம் வரும்."

மார்ச் 13, வெள்ளி

சொன்னேன்.

ஏற்பாடு இப்படி: உள்ளே மைக் முன்னால் அவள். நான் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம். என் பேச்சு அவள் ஹெட்போனில் மட்டும் கேட்கும், பதிவாகாது. பதிவாவது அவள் ம் மட்டும்.

பக்கத்து வீட்டுக்காரி நாயை அவிழ்த்துவிட்ட கதையை ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் போனது.

"அக்கா, நிறுத்து. இது நீ எழுதின மாதிரியே இருக்கு. நாய்கூட இலக்கணமாக் குலைக்குது. நிஜமா ஏதாவது சொல்லு."

கப்பைப் பற்றிச் சொன்னேன். நாலு பக்கம், நடுத்தட்டு. ம், என்றாள். ம்ம். கொஞ்சம் சிரித்தாள்கூட. பட்டியலில் இருந்த ஒரு ம்மும் இல்லை, வேறு ஏதோ. ஒலிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். போதுமான அளவு கிடைத்திருந்தது.

"அந்தப் பழைய ம் எல்லாம் தொலைஞ்சு போகல. நான்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை காலியாகும்னு தெரிஞ்சே போட்டேன். பூனை எடுத்து வைக்கச் சொல்லியும் போட்டேன். உன் குரல் ஒட்டலன்னு சார் சொல்றாரு, வேற ஆள் தேடச் சொல்றாரு. அப்பவும் நான் வாயைத் திறக்கல."

ஒலிக்காரர் தன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். திரையில் ஏறி இறங்கும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு படுத்தே கிடந்தது.

"வேணும்னேவா?" என்றாள்.

"ஆமா."

நாலு விநாடி. பிறகு எண்ணிப் பார்த்தேன், அதனால் தெரியும். கோடு கொஞ்சம் எழுந்தது.

"ம்."

நான் நிறுத்தவில்லை. என்னென்னவோ சொன்னேன். அந்த 'ப்பா', அம்மா போன், சார் என் எழுத்தைப் பாராட்டியதும் எனக்குக் குளிர்ந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றுக்குப்பின் ஒன்றாக, இலக்கணமே இல்லாமல். அவள் கேட்டாள். எழுந்து போயிருக்கலாம், ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். முழுக்கக் கேட்டாள்.

கடைசியில் ஒலிக்காரரைப் பார்த்து, "இன்னும் வேணுமா சார், இது போதுமா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். கதவருகில் நின்றாள்.

"அந்தக் கப்பை நான் கேக்கலக்கா. நீ எழுதினதுல பாதி எனக்குப் புரியவே இல்ல. நீ ராத்திரி எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தியே, அதை அப்படியே சொன்னேன். உன்னை மாதிரியே பேசினேன், அவ்வளவுதான்."

போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

சிம்பிள் சாரிடம் போய் நின்றேன். 'போல' இல்லாமல் சொன்னேன். பேனா மூடியைத் திருகி மூடினார். முதல் தடவையாக அவர் வாயில் 'சிம்பிள்' வரவில்லை. "ஓடக்காரியை முடிச்சுக் குடுங்க. அடுத்த பாத்திரம் வேற ஒருத்தர் எழுதட்டும்" என்றார். நியாயம்தான்.

குரலை மாற்றுவது மாதக் கடைசிவரை நிற்கிறது.

மார்ச் 18, புதன்

தங்கையிடமிருந்து போன் இல்லை. அம்மா மட்டும்: "ரெண்டு பேரும் சண்டையா? அவளைக் கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நீயும் ஒண்ணுமில்லம்ப. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி ரெண்டு பேர் குரலும் இப்படி இருக்கு?"

மார்ச் 20, வெள்ளி

நூற்று நான்கு ம்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு நானே வைத்தேன். எங்கே எது வரவேண்டும் என்று பூனையும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஆடுகிறவர் வார்த்தையை இழுத்து நிறுத்தினால், சின்ன ம். முடிக்கவில்லை, காத்திருக்கிறேன் என்று அர்த்தம். கேள்வி கேட்டால், மூச்சு இழுப்பு. மெஷினுக்கு ஒன்றரை விநாடி கிடைத்துவிடுகிறது. குறுக்கே பேசினால் ஓடக்காரி வாயை மூடக்கூடாது, 'ம், சொல்லு' என்று வழி விட வேண்டும். இதில் எழுத்து வேலை ஒன்றுமே இல்லை. மூன்று வருஷத்தில் நான் செய்த வேலைகளில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

அறுபத்து மூன்றாம் எண், அந்த நாலு விநாடி மௌனத்தோடு. "இது?" என்றாள் பூனை. துடுப்பை எடுத்தது நான்தான் என்று ஆடுகிறவர் சொல்லும் இடத்தில் வைக்கச் சொன்னேன்.

"மௌனத்தை வெட்டிடட்டுமா?"

"வேண்டாம்."

மார்ச் 27, வெள்ளி

கடைசிச் சோதனை. ஐந்தாவதாக வந்தவர் வாடகை வண்டி ஓட்டுபவர். பெரிய உருவம், நாற்காலி போதவில்லை. மெஷினோடு பேச வெட்கப்பட்டார். முதல் இரண்டு நிமிஷம் ஒற்றைச் சொல்லில் பதில். ஓடக்காரி ம் என்றாள். அவர் கொஞ்சம் நீட்டிப் பேசினார். நடுவில் நிறுத்தி யோசித்தார், அவள் காத்திருந்தாள். ஆட்டத்தில் கேட்காததையெல்லாம் சொன்னார், தன் முதல் வண்டியை விற்ற கதை உட்பட. எட்டு நிமிஷம் பத்தொன்பதாகிவிட்டது. சிம்பிள் சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம், குரலைத் தாழ்த்தி, "அம்மா, உன் துடுப்பை எடுத்தது நான்தான்" என்றார்.

நாலு விநாடி.

"ம்."

அந்த ஆள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது போல. இல்லை, போல இல்லை, கலங்கியிருந்தது. "என்னங்க இவ, மன்னிச்சாளா, கோவமா இருக்காளா? ஒண்ணும் புரியலையே?"

பூனை என்னைப் பார்த்தாள். ஒலிக்காரர் மிட்டாய்த் தாளைப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றேன். "விடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

மறுபடி மாட்டிக்கொண்டார்.

குரல் இதுவேதான் என்று முடிவாகிவிட்டது. சிம்பிளாக.

மார்ச் 29, ஞாயிறு

நானே தங்கையைக் கூப்பிட்டேன். ஆறாவது மணியடிப்பில் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை.

உன் குரல்தான், இனி மாற்றமில்லை என்றேன். வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன், வைக்கவில்லை. வண்டிக்காரர் கதையைச் சொன்னேன். நாற்காலி போதாததை, முதல் வண்டியை, அவர் கண்ணை. சத்தமே இல்லை. சுவரிடம் பேசுவது எப்படி இருக்கும் என்று அந்தத் தையல்காரி சொன்னது புரிந்தது. நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை. அவர் துடுப்பை ஒப்புக்கொண்டதைச் சொன்னேன், ஓடக்காரி அப்போது எதைச் சொன்னாள், அந்த ம் எந்த நாளுடையது என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கதவு சாத்தும் ஓசை. நாற்காலி இழுத்துப் போடும் ஓசை.

"ம்" என்றாள். "அப்புறம்?"